புலியென்றால் மௌனம், சிறுத்தையென்றால் பிளிறல்

ஆபத்தை உணர்ந்த காட்டு விலங்கு வெறுமனே அலறுவதில்லை. வந்திருப்பது யார், அவருக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பெங்களூருவின் ஓரத்தில் யானைகளோடு வாழும் விவசாயிகளுக்கு அந்தக் குரலைப் புரிந்துகொள்வது உயிர்ப் பிரச்சினை.

கேழ்வரகுக் கதிர் முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டின் ஓரத்துக் கிராமங்கள் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. கண்ணாடிக் கட்டடங்களில் விடிய விடிய கம்ப்யூட்டர்கள் இயங்கும் எலெக்ட்ரானிக் சிட்டி அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் இங்கே இரவுப் பணி வேறு மாதிரி. வயல் நடுவே ஒரு பரண். அதன் மேல் டார்ச் விளக்கு, தகர டப்பா, பட்டாசுக் கட்டு சகிதம் ஒருவர் காவல். இருட்டில் கண்ணால் அதிகப் பயனில்லை. காதுதான் காவல்காரர்.

1974-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டா சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. அறுவடைக் காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நகர்ந்து தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரி, ஓசூர் காடுகளுக்கு வருகின்றன. வழியில் இருக்கும் கேழ்வரகும் வாழையும் அவற்றுக்கு விருந்து. 2023-ல் கர்நாடக வனத்துறை வெளியிட்ட கணக்கின்படி அந்த மாநிலத்தில் மட்டும் 6,395 யானைகள். யானைகளால் உயிரிழப்போர் நாடு முழுவதும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில். மின்வேலியிலும் ரயிலிலும் அடிபட்டுச் சாகும் யானைகளும் ஏராளம்.

பரணில் இருப்பவருக்கு ஒரு கேள்வி மிக முக்கியம். யானை பிளிறினால் என்ன பொருள்? பிளிறாமல் நின்றால் என்ன பொருள்?

இந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி தென்னிந்தியக் காட்டோர வயல்களிலேயே கிடைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் இருவரும், யானைகள் வயலுக்குள் நுழையும் பாதைகளில் அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கே பாய்ச்சி வைத்தார்கள். யானை அந்தக் கதிரை மறித்தால் போதும், ஒளித்து வைத்த ஒலிபெருக்கி தானாக உறுமும். சில இரவுகளில் புலியின் உறுமல். சில இரவுகளில் சிறுத்தையின் உறுமல். காமிராக்கள் யானையின் நடத்தையைப் பதிவு செய்தன.

இரண்டுக்குமே யானைகள் கடைசியில் பின்வாங்கின. ஆனால் பின்வாங்கிய விதம் வேறு. சிறுத்தையின் உறுமலைக் கேட்டவை பிளிறின, முரட்டுத்தனமாக உறுமின, துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தன, யாரடா அது என்பதுபோல் நின்று பார்த்துவிட்டுப் பிறகே போயின. புலியின் உறுமலைக் கேட்டவையோ ஓசையின்றி நழுவின. 2013-ல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ என்ற அறிவியல் இதழில் இந்த முடிவு வெளியானது.

காரணம் எளிது. புலி வாய்ப்புக் கிடைத்தால் யானைக் கன்றை அடிக்கும். சிறுத்தையால் யானைக்கு ஆபத்தில்லை. ஆகவே சிறுத்தையை மிரட்டலாம். புலியிடம் வம்பு எதற்கு? அதாவது பெருஞ்சத்தம் பெரும்பயத்தின் அடையாளம் அல்ல. சமாளித்துவிடலாம் என்று நினைக்கும் எதிரியிடம்தான் யானை சத்தம் போடுகிறது.

நான்கு குரல்கள்

பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தில் ஒலிமரபு என்றொரு பாடம் உண்டு. யானை பிளிறும், புலி உறுமும், பாம்பு சீறும், ஆந்தை அலறும், குரங்கு அலப்பும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். ஒரு விலங்குக்கு ஒரு வினைச்சொல் என்பது கணக்கு. காட்டு யானைகளோ இந்தக் கணக்குக்குள் அடங்க மறுக்கின்றன.

பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள சூழலியல் மையம் யானை ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. சென்னையில் பிறந்த ராமன் சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாம்ராஜநகர் வட்டாரக் காடுகளில் யானைகளையும் விவசாயிகளையும் சேர்த்தே ஆராய்ந்தவர். அவருடைய நூல் 1989-ல் வெளிவந்தது. பயிரை மேயும் யானையை வெறும் தொல்லையாகப் பார்க்காமல், ஏன் வருகிறது, எது வருகிறது, எப்போது வருகிறது என்று கேட்ட முதல் தலைமுறை ஆய்வாளர்களில் அவர் ஒருவர்.

அதே கழகத்தில் ஸ்மிதா நாயர், ரோகிணி பாலகிருஷ்ணன், சந்திரசேகர் சீலமந்துலா ஆகியோர் சுகுமாருடன் சேர்ந்து தென்னிந்தியக் காட்டு யானைகளின் குரல்களைப் பதிவு செய்து, ஒலியின் அளவுகளைக் கொண்டு அவற்றைப் பிரித்தார்கள். 2009-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஆய்வு வெளியானது. ஆப்பிரிக்கச் சமவெளி யானைகளின் குரல்களைப் பற்றி அதற்குள் நிறைய எழுதப்பட்டிருந்தது. அடர்ந்த காட்டில் வாழும் ஆசிய யானையின் குரல்களைப் பற்றித் தெரிந்திருந்தது குறைவு.

நான்கு வகைக் குரல்கள் கிடைத்தன. முதலாவது, நமக்கு நன்கு தெரிந்த பிளிறல். இரண்டாவது, தொண்டையிலிருந்து வெடிக்கும் முழக்கம். மூன்றாவது, தூரத்து இடிபோன்ற குமுறல். நான்காவதுதான் வேடிக்கை. அத்தனை பெரிய உடம்பிலிருந்து ஒரு கீச்சொலி.

எந்தக் குரல் எப்போது எழுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். வளர்ந்த யானைகள் தொந்தரவு ஏற்படும்போதும் சண்டைக்கு நிற்கும்போதும் பிளிறுகின்றன, முழங்குகின்றன. ஆனால் விளையாட்டிலும் அதே குரல்கள் வருகின்றன. கீச்சொலி பெரும்பாலும் குழப்பமும் கலவரமும் ஏற்பட்ட நேரங்களில் கேட்டது. குமுறலுக்கு வேலை அதிகம். தாய்த்தலைவி தன் கூட்டத்தை ஒன்றுசேர்ப்பதும் அதால்தான். பிரிந்திருக்கும் உறவினரை அழைப்பதும் அதால்தான். தொந்தரவு நேரத்திலும் சண்டை நேரத்திலும் எழுவதும் அதே குமுறல்தான். நான்கு வகைகளில் மிக அதிக வேறுபாடுகள் காட்டியதும் அதுதான்.

பரணில் இருப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிளிறல் அவர் காதில் விழும். குமுறலின் பெரும்பகுதி விழாது.

மனிதக் காதுக்கு எட்டும் மிகத் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 அதிர்வுகள். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற காதரின் பெய்ன் என்ற ஆய்வாளர், காதில் எதுவும் கேட்காமலே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலய ஆர்கன் இசைக்கருவியின் அடி சுரங்கள் முழங்கும்போது உடம்பில் உணர்ந்த அதிர்வு அவருக்கு நினைவு வந்தது. கருவிகளோடு திரும்பி வந்து பதிவு செய்தபோது, 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையுள்ள குரல்கள் கிடைத்தன. 1986-ல் அவரும் சகாக்களும் அதை வெளியிட்டார்கள். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யானையைக் கட்டி வளர்த்தும், அதன் பேச்சில் ஒரு பகுதியைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தாழ்ந்த ஒலிக்கு ஒரு வசதி உண்டு. மரங்களும் இலைகளும் உயர்ந்த ஒலியைச் சிதறடிக்கும். தாழ்ந்த ஒலி அதிகம் சிதையாமல் வெகுதூரம் போகும். வயலில் பட்டாசு வெடித்ததும் ஒரு யானை குமுறினால், அந்தச் செய்தி காட்டுக்குள் நிற்கும் மற்றவற்றையும் எட்டிவிடக்கூடும். வெடித்தவருக்கு மட்டும் அது தெரியாது.

கீச்சொலி எப்படிப் பிறக்கிறது என்பதும் நீண்ட நாள் புதிராக இருந்தது. ஒலியைப் படம்பிடிக்கும் காமிராவைப் பயன்படுத்தி 2021-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தார்கள். ஆசிய யானைகள் உதடுகளை இறுக்கி, அவற்றின் வழியே காற்றைத் தள்ளிக் கீச்சிடுகின்றன. கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர் செய்வதும் இதே வேலைதான்.

தாழ்ந்தால் மிரட்டல், உயர்ந்தால் கெஞ்சல்

ஆபத்து நேரக் குரல்கள் ஏன் இப்படி ஒலிக்கின்றன? 1977-ல் யூஜின் மார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு பொது விதியை முன்வைத்தார். பறவைகளும் பாலூட்டிகளும் மிரட்டும்போது குரல் தாழ்ந்து கரகரக்கும். பயந்து பணியும்போது குரல் உயர்ந்து மெல்லியதாகும். பெரிய உடம்பிலிருந்து தாழ்ந்த ஒலி வரும் என்பது இயற்கை. ஆகவே தாழ்ந்த குரலில் உறுமுகிற விலங்கு ‘நான் பெரியவன்’ என்கிறது. உயர்ந்த குரலில் முனகுகிற விலங்கு ‘நான் குட்டி, விட்டுவிடு’ என்கிறது. தெருநாயிடம் இரண்டையும் ஒரே நாளில் கேட்கலாம். இன்னொரு நாயைப் பார்த்து உர்ரென்று உறுமும். அடிபட்டால் வீலென்று கத்தும்.

அதற்கும் முன்பே, 1955-ல், பீட்டர் மார்லர் என்ற விஞ்ஞானி பறவைகளிடம் வேறொரு விஷயத்தைக் கண்டார். மேலே வல்லூறு வட்டமிடும்போது சிறு பறவைகள் எழுப்பும் எச்சரிக்கை மெல்லியது, உயர்ந்தது, ஒரே சீரானது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். எச்சரித்தவர் அகப்படாமல் தப்பலாம். கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் அதே பறவைகள் எழுப்பும் சத்தம் வேறு. கரகரப்பாக, விட்டுவிட்டு, எந்தத் திசை என்று எளிதில் தெரியும்படி இருக்கும். அது எச்சரிக்கை மட்டுமல்ல, ஆள் திரட்டும் அழைப்பும்கூட.

இதைக் கேட்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூருவின் கப்பன் பூங்காவிலோ லால்பாகிலோ காலை நேரத்தில் சிறிது நின்றால் போதும். பூனையைக் கண்ட அணில் வாலை உதறிக்கொண்டு ‘சிக் சிக்’ என்று விடாமல் கத்தும். கூட்டருகே பாம்பைக் கண்ட தவிட்டுக்குருவிகள் ஊரையே கூட்டும். பருந்தைத் துரத்தும் காகங்களின் கரைச்சலைக் கேட்டு மற்ற காகங்களும் வந்து சேரும். நகரத்தின் சத்தத்தில் யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் குறை.

எதிரிக்கு ஒரு பெயர்

பயந்த விலங்கின் குரல் தும்மலைப்போல் தன்னை மீறி வெளிப்படும் ஓசை என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை அசைத்தவை கென்யாவின் குரங்குகள். அம்போசெலி பூங்காவின் வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் மூன்று வேறு குரல்கள் எழுப்புவதை ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் 1980-ல் நிரூபித்தார்கள். எதிரி இல்லாத நேரத்தில் ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தைக் குரலைக் கேட்டவை மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன. பாம்புக் குரலுக்கு எழுந்து நின்று புல்லைத் துழாவின. குட்டிகள் மட்டும் தவறு செய்தன. காற்றில் உதிரும் இலைக்குக்கூடக் கழுகு என்று கத்தின. வளர வளரத் தேறின.

தமிழ்நாட்டின் முதுமலையில் நம் நாட்டுக் குரங்குகளிடம் இதேபோன்ற ஆய்வு நடந்தது. கோயில் வாசலில் வாழைப்பழம் பறிக்கும் அதே இனம். உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இவை தம் இனத்தின் எச்சரிக்கையை மட்டுமல்ல, கருமந்தியின் எச்சரிக்கையையும் கடமானின் எச்சரிக்கையையும்கூடப் புரிந்துகொண்டு ஓடுகின்றன. சிறுத்தைப் பொம்மையைக் காட்டும்போது எழும் குரலுக்கும் மலைப்பாம்புப் பொம்மையைக் காட்டும்போது எழும் குரலுக்கும் ஒலி அளவிலேயே வேறுபாடு இருப்பது 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வில் தெரிந்தது.

பந்திப்பூர், நாகரஹொளே காடுகளில் பயணிகளை அழைத்துச் செல்லும் ஜீப் டிரைவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. புலியைத் தேட அவர்கள் முதலில் எஞ்சினை அணைக்கிறார்கள். புள்ளிமானின் கூர்மையான கூவல், மரத்தின் உச்சியிலிருந்து மந்தியின் இருமல், கடமானின் கனத்த ஒற்றைக் குரல் ஆகியவற்றுக்குக் காது கொடுக்கிறார்கள். புள்ளிமான் சிறு விஷயத்துக்கும் பதறும். கடமான் கத்தினால் பெரும்பாலும் விஷயம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு விலங்கின் எச்சரிக்கை காட்டுக்கே பொதுச் சொத்தாகிவிடுகிறது.

பொதுச் சொத்து இருக்குமிடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்பவரும் இருப்பார். இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் என்ற பறவையை ஈபென் குடேல், சரத் கொட்டகம இருவரும் கவனித்தார்கள். பிற பறவைகளின் குரலை அப்படியே பின்பற்றுவதில் அது கெட்டிக்காரன். எதிரியைக் கண்டு கலவரமடைந்த நேரத்தில் அது பிற இனங்களின் எச்சரிக்கைக் குரல்களையும், வேட்டைப் பறவைகளின் குரலையும் தேர்ந்தெடுத்து ஒலிக்கிறது என்று 2006-ல் அவர்கள் எழுதினார்கள்.

மனிதன் புலியா, சிறுத்தையா?

யானைக்குப் புலி வேறு, சிறுத்தை வேறு என்றால், மனிதன் யார்?

அம்போசெலியிலேயே இதற்கும் சோதனை நடந்தது. அங்கே மாசாய் இனத்தவர் கால்நடை மேய்ப்பவர்கள். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்குமான போட்டியில் அவ்வப்போது யானைகளை ஈட்டியால் குத்தியவர்கள். கம்பா இனத்தவர் பெரும்பாலும் விவசாயிகள். அவர்களால் யானைகளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கேரன் மெக்கோம்ப் தலைமையிலான குழுவினர், அதோ யானைக் கூட்டம் வருகிறது என்ற பொருளுள்ள ஒரே வாக்கியத்தை இரு இனத்தவரையும் அவரவர் மொழியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து யானைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மாசாய் ஆண்களின் குரலுக்கு யானைகள் நெருங்கி ஒன்றுகூடித் தற்காப்பாக நின்றன, மோப்பம் பிடித்தன. கம்பா ஆண்களின் குரலுக்கு அவ்வளவு இல்லை. மாசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் பயம் குறைவு. ஆய்வு வெளியானது 2014-ல்.

கென்யாவின் மற்றொரு பகுதியான சம்புருவில் லூசி கிங், ஜோசப் சோல்டிஸ் குழுவினர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்ட யானைகள் தலையை உதறி, மண்ணைத் தூவிக்கொண்டு, ஒரு வகைக் குமுறலோடு ஓடின. அந்தக் குமுறலை மட்டும் பதிவு செய்து, தேனீயே இல்லாத இடத்தில் வேறு யானைகளுக்குப் போட்டபோது அவையும் விலகின. இது 2010-ல். பிறகு சம்புரு ஆண்களின் பேச்சைக் கேட்டு யானைகள் எழுப்பிய குமுறலையும் பதிவு செய்தார்கள். இரண்டு குமுறல்களும் யானைகளை ஓடச் செய்தன. ஆனால் தேனீக் குமுறலைக் கேட்டவை மட்டுமே தலையை அதிகமாக உதறின. கொட்டவரும் தேனீயை விலக்கத் தலையை உதறலாம். மனிதனை விலக்க அது உதவாது. ஆப்பிரிக்க யானையின் குமுறலில் தேனீக்கும் மனிதனுக்கும் ஒலியில் வேறுபாடு இருப்பதை 2014-ல் அவர்கள் எழுதினார்கள்.

இந்த ஆராய்ச்சி வயலுக்கும் வந்திருக்கிறது. கிங் கென்யாவில் அமைத்த தேன்கூட்டு வேலிகள் பல நாடுகளில் பின்பற்றப்பட்டன. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021-ல் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில், நாகரஹொளே காட்டோரம் தேனீப் பெட்டிகளை வைத்து யானைகளைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. யானை வராவிட்டாலும் தேன் மிச்சம்.

துப்பில், காஸ் இருவரின் புலி உறுமலும் வெறும் ஆராய்ச்சியாக நிற்கவில்லை. உறுமும் ஒலிபெருக்கிகள் பயிர் மேய்தலைக் குறைக்கின்றன என்று தொடர்ந்த ஆய்வில் அவர்கள் கண்டார்கள். ஆனால் யானை புத்தியுள்ள மிருகம். தினமும் உறுமுகிற, ஒருநாளும் பாயாத புலியை அது எத்தனை காலம் நம்பும்? பட்டாசுக்கும் தகர டப்பாவுக்கும் பழகிய யானைகளைப் பற்றிக் காட்டோரத்தில் எல்லோருக்கும் தெரியும். தனி ஆண் யானைகள் இதில் குறிப்பாகத் துணிந்தவை. பெண்களின் கூட்டத்தைவிட அவை வயலுக்கு அதிகம் வருவதைச் சுகுமார் 1980-களிலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

சத்தமில்லாத எச்சரிக்கை

இந்திய அறிவியல் கழகத்தின் மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இன்னொரு விலங்கும் வாழ்கிறது. வளாகத்தில் படிப்பவர்களே பலர் அதைப் பார்த்ததில்லை. கன்னடத்தில் காடுபாப்பா, தமிழில் தேவாங்கு. பெரிய கண்களும் மெலிந்த கைகால்களும் கொண்ட இந்த இரவு விலங்கைத் தேடி 2014-ல் பெங்களூருவில் பொதுமக்கள் பங்கேற்ற ஒரு கணக்கெடுப்பே தொடங்கியது.

தேவாங்குக்கும் குரல் உண்டு. இரவில் சீழ்க்கையால் ஒன்றையொன்று அழைக்கும். நெருக்கினால் உறுமும். ஆனால் ஆபத்து நேரத்தில் அதன் முதல் ஆயுதம் அசையாமை. கிளையைப் பற்றிக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். இலைகளுக்கிடையே இலையாகிவிடும். ஆந்தையிடமும் காட்டுப்பூனையிடமும் இந்த உத்தி பலிக்கும். மூடநம்பிக்கைக்காகவும் மருந்தென்று சொல்லியும் அதைப் பிடிக்க வரும் மனிதனின் டார்ச் வெளிச்சத்தில் பலிக்காது. கண்கள் பளிச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். உறைந்து நிற்பதால் பிடிப்பதும் எளிது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் 11,806 ஹெக்டேர் காடு 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கத்திக் கூப்பாடு போடத் தெரியாத விலங்குக்கு மனிதர்கள் குரல் கொடுத்ததால் கிடைத்த பாதுகாப்பு அது.

தேவாங்கின் மௌனமும் புலியைக் கேட்ட யானையின் மௌனமும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. சத்தம் இல்லை என்றால் பயம் இல்லை என்று பொருள் அல்ல. கோபம் இல்லை என்றும் பொருள் அல்ல. காதை விரித்து, தலையை ஆட்டி, பிளிறிக்கொண்டு ஓடிவரும் யானை பெரும்பாலும் மிரட்டிவிட்டு நின்றுவிடும் என்பதும், துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமின்றி வருவதே மிக ஆபத்தானது என்பதும் வன ஊழியர்கள் பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை. இது எழுதிவைத்த சட்டமல்ல. மிரட்டல் எந்த நொடியிலும் தாக்குதலாக மாறலாம்.

பெங்களூருவிலிருந்து ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் பந்திப்பூர், முதுமலை வழியில் யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது சாந்தமாக நிற்கிறது என்று நினைக்கிறார்கள். அதே நேரத்தில் அது குட்டியைச் சுற்றி நிற்கும் மற்ற யானைகளோடு, நம் காதுக்கு எட்டாத தொனியில் குமுறிக்கொண்டிருக்கலாம். ஹாரனை அழுத்துகிறவருக்கு அது தெரியாது. வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறப்பதைத் தடுக்க 2009 முதல் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. வணிகர்களும் அண்டை மாநிலமும் எதிர்த்த தடை. அந்த ஒன்பது மணி நேரம் காட்டுக்குத் தன் குரலைத் தானே கேட்க ஓர் அவகாசம்.

மனிதர்களுக்கு ஓர் அபாயக் குரல்

யானையின் எச்சரிக்கையை மனிதனால் முழுதாகக் கேட்க முடியாது என்றால், மனிதர்களே ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்ளலாம். கோவை மாவட்டம் வால்பாறையில் இதைத்தான் செய்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டான காடுகள். அவற்றுக்கிடையே நடமாடும் யானைகள். இருட்டியபின் பஸ்ஸிலிருந்து இறங்கி லயன் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளி, எதிரே யானை நிற்பது தெரியாமல் போய் மோதிக்கொள்வதுதான் பல மரணங்களுக்குக் காரணம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர் 2011-ல் செல்போன் குறுஞ்செய்திகளை அனுப்பத் தொடங்கினார்கள். எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்ற செய்தி மாலையில் வந்துவிடும். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குகள் எரியும். 2015-ல் இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

முதுமலைக் குரங்கு கடமானின் குரலைக் கேட்டு மரம் ஏறுவதற்கும், வால்பாறைத் தொழிலாளி குறுஞ்செய்தியைப் படித்து வேறு வழியில் போவதற்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டிலும் எதிரியைத் துரத்துவது நோக்கமல்ல. மோதலைத் தவிர்ப்பதுதான்.

கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த யானைப் பணிக்குழு, சுகுமார் தலைமையில் 2012-ல் அறிக்கை கொடுத்தது. யானைக்குரிய காடு, இருவரும் சேர்ந்து வாழக்கூடிய பகுதி, யானையை அப்புறப்படுத்தியே தீரவேண்டிய பகுதி என்று நிலத்தைப் பிரித்து நடவடிக்கை எடுக்க அது யோசனை சொன்னது. இதில் நடுப்பகுதிதான் சிக்கலானது. பன்னேர்கட்டாவின் ஓரத்தைப் போன்ற இடங்களில் காடும் வயலும் லேஅவுட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அங்கே வேலியும் பள்ளமும் மட்டும் போதாது. யானை நம்மைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறது என்பதும் முக்கியம்.

அந்த முடிவை யானை தானாகச் செய்வதில்லை. நாம் நடந்துகொள்வதைப் பார்த்துச் செய்கிறது. மாசாய்க் குரலுக்கு அம்போசெலி யானைகள் நடுங்குவது பிறவிப் பயம் அல்ல, அனுபவம். தீப்பந்தம் எறிகிற, மின்கம்பி கட்டுகிற, வாலைப் பிடித்து விளையாடுகிற மனிதர்களை இங்கேயுள்ள யானைகளும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. விரட்டி விரட்டிக் களைத்த யானை அடுத்த மனிதனை எப்படிச் சந்திக்கும் என்பது அந்த அடுத்த மனிதனின் உயிரைப் பொறுத்த விஷயம். பெரும்பாலும் அவர் முன்பு விரட்டியவராக இருப்பதில்லை. விடியற்காலையில் மாட்டைத் தேடிப் போனவராகவோ, விறகு பொறுக்கப் போன பெண்ணாகவோதான் இருப்பார்.

பரணில் விழித்திருப்பவர் அறிவியல் இதழ்களைப் படிப்பதில்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியும். காட்டோரத்தில் தவளைகள் திடீரென்று ஓய்ந்துவிட்டால், பட்டாசை எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும்.